கம்புக்கு அரையடி

ஜோவானுக்குக் கம்பெனியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு அவள் நாலு மேசை தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும்: “அரையடி அக்காவுக்கு இன்னைக்குக் கோழி கெடைச்சிருச்சுலா!” உடனே ஒரு சிரிப்பு. காது கேளாதவள்போல அவள் நடந்து போய் உட்கார்ந்து சாப்பிடுவாள். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, சர்க்யூட் பலகையில் தலைமுடி அளவுக்கு விலகிய சால்டர் ஈயத்தைக்கூடக் கண்டுபிடித்துத் தள்ளுகிறவள் அவள். அவளுக்குப் போய் அரையடி என்று பெயர்.

பெயரைக் கொடுத்தவன் அருணன். மனிதவளப் பிரிவில் பெரிய அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறைய இங்கிலீஷ், எவரைக் கண்டாலும் தோளில் ஒரு தட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிராணி வேலை, அதாவது ஆபீஸ் எழுத்து வேலை, பார்த்த குடும்பம் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். வயதிலும் பதவியிலும் மூத்த மனிதரை அவன் இவன் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள், டத்தோ கிராமாட் பேட்டையில் இருக்கிற ஜோவானின் வீட்டுக்குப் போய் ஒருமுறை ‘அவர்’ என்று சொல்லிப் பார்க்கட்டும். ஒரு வாய்க் காப்பி கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பந்து. காலால் உதைக்கிற பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பிய, கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற பந்து. கம்பெனி அமெரிக்கர்களுடையது, விளையாட்டும் அவர்கள் கொண்டுவந்து விட்டதுதான். அவர்கள் ஊரில்போல முட்டி மோதி எலும்பை முறித்துக்கொண்டால் மறுநாள் உற்பத்தி லைனில் யார் நிற்பது என்று, இங்கே கொடி வைத்து ஆடுகிறார்கள். இடுப்புப் பட்டையின் இரண்டு பக்கமும் துணிக்கொடி தொங்கும். பந்தோடு ஓடுகிறவரின் கொடியை எதிராளி உருவிவிட்டால் ஓட்டம் அந்த இடத்தோடு சரி. நாலு வாய்ப்பு தருவார்கள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் ‘பர்ஸ்ட் டவுன்’, அதாவது இன்னும் நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டும். பத்து கெஜம் எங்கே முடிகிறது என்பதைக் காட்ட மைதான ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கம்பு நட்டிருக்கும். சந்தேகம் வந்தால் பத்து கெஜச் சங்கிலியைக் கொண்டுவந்து அளப்பார்கள்.

சரி, கொடி உருவிய நொடியில் பந்து எங்கே இருந்தது என்று யார் சொல்வது? ஓரத்தில் கோடுபோட்ட சட்டையோடு கூடவே ஓடிவருகிற நடுவர்தான். அவர் அந்த இடத்துக்கு நேராக நின்று, குறுக்கே உள்ளே நடந்து வந்து, முன்காலை ஊன்றுவார். அந்தக் கால் எங்கேயோ பந்தும் அங்கே. திருப்பிப் போட்டுப் பார்க்க இங்கே கேமரா கிடையாது. கால் வைத்தால் வைத்ததுதான்.

பல வருஷத்துக்கு முந்திய இறுதி ஆட்டம் அது. லைனில் வேலை செய்பவர்களின் அணிக்கு ஜோவான் ஓட்டக்காரி. எதிரே ஆபீஸ்காரர்கள், அன்றைய பெரிய மேனேஜரும் அந்த அணியில் ஆடினார். ஜெயிக்கிற அணி மணிலாவில் நடக்கும் போட்டிக்குப் போகும் என்று அறிவித்திருந்தார்கள். தீவிலிருந்து அக்கரைக்குப் போகிற ஃபெரியையும் பாலத்தையும் விட்டால் ஜோவான் வேறு எப்படியும் கடல் தாண்டியதில்லை. அவளுடைய அம்மா அமலம்மாள், மகள் ஜெயிக்கும் முன்பே பக்கத்து வீட்டில் பெரிய பெட்டி ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, துடைத்து, அதற்குள் ஒரு ஜெபமாலையையும் போட்டு வைத்துவிட்டாள்.

கடைசி நிமிடம், நாலாவது வாய்ப்பு. ஜோவான் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஓடினாள். கம்பு அவள் தோளுக்குப் பின்னால் போனது. அதற்கப்புறம்தான் கொடி இடுப்பைவிட்டுப் போனது. துணி உருவுகிற அந்தச் ‘சர்ரக்’ சத்தம் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

அன்றைக்கு ஓர நடுவராக நின்றவன் அருணன். அவன் பந்தைப் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்தான். பிறகு எதிரணியில் இடுப்பில் கைவைத்து நின்ற பெரிய மேனேஜரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு சாவகாசமாக நடந்து வந்து காலை ஊன்றினான். சங்கிலியைக் கொண்டுவந்து அளந்தார்கள். கம்புக்கு அரையடி குறைவு.

“நீங்க பந்தப் பாக்கவே இல்ல. கம்பதான் பாத்தீங்க!” என்று ஜோவான் கத்தினாள்.

அருணனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். அவன் சிரித்தான். “ஓடத் தெரிஞ்சா போதுமாலா, ஜோவான்? கோடு எங்க இருக்குன்னு தெரியணும். அரையடி! அரையடி!” என்று இரண்டு கையையும் விரித்து, மீன் வாங்குபவனிடம் நீளம் காட்டுகிறமாதிரி எல்லாருக்கும் காட்டினான். ஆபீஸ் அணி சிரித்தது. கூடவே அவள் அணியிலும் சிலர் சிரித்தார்கள். சங்கிலி பிடித்துக்கொண்டு நின்ற மெயின்டனன்ஸ் வேலு சிரித்தான். மறுநாள் கேன்டீனில் பெயர் நிலைத்துவிட்டது.

ஆபீஸ் அணி மணிலாவுக்குப் போனது. கூடவே அணி மேலாளர் என்று அருணனும் போனான். திரும்பி வந்ததும் ஜுருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பெரிய விருந்து, அடுத்த வருஷம் பதவி உயர்வு. இரவல் பெட்டியை அமலம்மாள் திருப்பிக் கொடுத்தாள். ஜெபமாலையை அதற்குள்ளிருந்து எடுக்க மறந்துபோய், மறுபடி போய்க் கேட்டு வாங்கி வந்தாள். அந்த வெட்கத்தையும் ஜோவான் அருணன் தலையிலேயே எழுதினாள்.

அவன் கம்பைப் பார்த்தான் என்று அவள் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை. தோற்றவள் வேறு என்ன சொல்வாள்? ஆட்டம் முடிந்தால் விட்டுவிட வேண்டும் என்று புத்திமதி சொன்னார்கள். ஜோவான் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவெடுத்தாள். அவன் நின்ற இடத்தில் போய் நிற்பது, அவன் வைத்த மாதிரியே கால் வைப்பது, அவன் ஓடி வரும்போது வைப்பது.

அமலம்மாள் மகளின் மனசைப் படித்துவிட்டாள். “பழி வாங்கறது ஆண்டவர் வேலைடி. நீ ஏன் போயி அவர் சீட்டுல உக்கார்றே?”

“அவரு லீவுல இருக்காரும்மா.”

“வாய் கொழுப்பு! எதிராளிக்குச் சகுனத் தடை ஆகணும்னு தன் மூக்க அறுத்துக்கிட்ட கதையா ஆயிரப்போவுது, பாரு.”

ஜோவான் நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தவள் தலைமை நடுவர் நோர்மா, மலாய்க்காரி. எல்லாருக்கும் அவள் ‘காக்’, அதாவது அக்கா. பேச்சு குறைவு, விசில் அதிகம். நோர்மா முதல் நாளே சொன்னது ஒரே பாடம்: “ஜாங்கான் தெங்ஙோக் காயு. தெங்ஙோக் போலா.” கம்பைப் பார்க்காதே, பந்தைப் பார். கம்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் கால் தானாக அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இழுக்கும். அதனால் பந்தை வைத்து முடிக்கிறவரை நடுவருக்குக் கம்பு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. தாண்டியதா இல்லையா என்பது சங்கிலியின் கவலை. நெருக்கமான ஆட்டத்தில் ஓடிவந்து சாய்ந்து நுழையக் கூடாது, நேராக நின்று குறுக்கே வர வேண்டும். ஓட்டக்காரன் கொடி போன பிறகும் இரண்டு எட்டு ஓடுவான், பந்தை முன்னால் நீட்டுவான், தரையில் தள்ளுவான். அதில் எதற்கும் மயங்கக் கூடாது. கொடி இடுப்பைவிட்டுப் பிரிந்த நொடியில் பந்தின் முனை எங்கே? அவ்வளவுதான் கேள்வி.

நோர்மா இதைச் சொன்னபோது ஜோவானுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் தான் கண்டது சரி. அருணன் செய்தது கண் பிசகு இல்லை. கம்பைப் பார்த்துக் கால் வைப்பது என்பது முடிவை முதலில் எழுதிவிட்டு ஆட்டத்தைப் பிறகு பார்ப்பது.

வேலையை அவள் வெறியோடு கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதும் எப்படியோ அது பிடித்தும் போயிற்று. எத்தனாவது வாய்ப்பு என்று மறக்காமலிருக்க விரலில் மாட்டும் ரப்பர் வளையம், கழுத்தில் விசில், வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டும் கோடுபோட்ட சட்டை எல்லாம் பிடித்தது. ஆபீஸ் அணியோ லைன் அணியோ, யாராக இருந்தாலும் அவள் கால் பொய் சொல்லவில்லை. “ஜோவான் அக்கா கால் வெச்சா சங்கிலியே வேணாம்லா” என்று வேலுவே சொன்னான். அக்கா என்றான், அரையடி என்று சொல்லவில்லை. கேட்டவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் உள்ளே ஒரு குரல், இரு, இரு என்றது. ஒரே ஒரு பொய்க்காகத்தான் அவள் அத்தனை உண்மையையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தே விட்டது. அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் மைதானம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் பூசை கண்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். சாமியார் பிரசங்கத்தில் சொன்னது ஒன்றும் ஏறவில்லை. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் ஆபீஸ் அணி, அதன் தலைவன் அருணன். தொப்பை ஒரு பிடி முன்னால் வந்திருந்தாலும் பந்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிற வழக்கம் அவனுக்கு வரவில்லை. பெரிய மேனேஜர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் எல்லாரும் வணங்குகிற ஆள் இவன்தான். ஜோவானை எந்த ஓரத்தில் நிறுத்துவது என்று நோர்மா ஒரு கணம் யோசித்தாள். பழைய கதை அவளுக்கும் தெரியும். ஆனால் ஜோவானின் காலையும் அவளுக்குத் தெரியும். கம்பு இருக்கிற ஓரத்துக்கே அனுப்பினாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். ஆபீஸ் அணி பின்தங்கியிருந்தது, நாலாவது வாய்ப்பு. ஜோவானின் ரப்பர் வளையம் சுண்டுவிரலுக்கு வந்துவிட்டது. அருணன் பந்தை வாங்கி, எறியப்போகிறவன்போல ஒரு பாவனை காட்டி, சட்டென்று திரும்பி அவள் ஓரமாகவே ஓடி வந்தான். சேசுவே, என்றாள் ஜோவான். நன்றி சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

திட்டம் எளியது. பந்தைச் சரியாகப் பார்ப்பது, சரியான இடத்திலிருந்து அரையடி பின்னால் காலை ஊன்றுவது. அவனோடு சேர்ந்து ஓடினாள். கம்பு நெருங்கியது. உள்ளே வருஷக்கணக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது அத்தனையும் அப்போது பொங்கியது. அவள் கண் அவளைக் கேட்காமல் பந்தைவிட்டு விலகிக் கம்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாள். இதோ இங்கேதான் என்று நினைத்தாள். ‘சர்ரக்’ என்ற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கொடி எதிராளியின் கையில் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கம்புக்குப் பக்கத்தில் நாலைந்து உடம்புகளுக்கு நடுவே அருணன் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

கொடி எங்கே போனது? அவளுக்குத் தெரியவில்லை. எதிலிருந்து அரையடியைக் குறைப்பது? திருடப்போனவளுக்குப் பெட்டி எங்கே என்று தெரியவில்லை. நின்று யோசிக்க முடியாது, யோசிக்கிற நடுவரை மைதானம் தின்றுவிடும். நேராக நின்றாள், குறுக்கே நடந்து வந்தாள், கம்புக்கு அரையடி குறைவாகக் காலை ஊன்றினாள். எதிர் ஓரத்து நடுவருக்கு ஆள்கூட்டத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் ஜோவானின் காலைப் பார்த்துத் தன் காலை வைத்தார். எல்லாரும் செய்வது அதுதான். ஜோவானின் கால்தான் பொய் சொல்லாத காலாயிற்றே.

வேலு சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். இறுக்கிப் பிடித்தார்கள். கம்புக்கு அரையடி குறைவு. பந்து இனி எதிரணிக்கு என்று நோர்மாவின் கை எதிர்ப்பக்கம் நீண்டது. சற்று நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. ஆபீஸ் அணி தோற்றது.

ஜோவானுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே குளிர்ந்தது. ஐஸ் கச்சாங்கை ஒரே வாயில் விழுங்கினமாதிரி நெற்றிவரை ஏறியது. அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே நின்றாள்.

அருணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளை நோக்கித்தான் வந்தான். முகம் சுருங்கவில்லை. வழக்கம்போல அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். குரலைத் தாழ்த்தினான்.

“உள்ளதச் சொல்லட்டா, ஜோவான்? கம்புக்கு ரெண்டு கெஜம் இருக்கும்போதே என் கொடிய உருவிட்டானுங்க. நீ கம்புகிட்ட கொண்டாந்து வெச்சிட்டே! பெரிய ஆளாச்சேன்னு கொஞ்சம் கூட்டிக் குடுத்தியா? பரவால்லலா. இப்பதான் உனக்கு வேலை தெரிஞ்சிருக்கு. நான் ஞாபகம் வெச்சிக்கிறேன்.” ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

பழி என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு இரண்டு கெஜம் தானம் பண்ணியிருக்கிறாள்! நேர்மையாகக் கால் வைத்திருந்தால் அவன் இன்னும் கேவலமாகத் தோற்றிருப்பான். அதுகூடப் போகட்டும். அவன் அவளைத் தன்னைப்போல ஒருத்தி என்று நினைத்துவிட்டான். பெரிய மேனேஜருக்கு அவன் செய்ததை அவனுக்கு அவள் செய்ததாக நினைத்து, கண்ணடித்து, இனத்தில் சேர்த்துக்கொள்கிறான்.

பேசாமல் இருந்துவிடலாம். ஆட்டம் முடிந்தது, அவன் தோற்றான், விசில் கழுத்தில் இருக்கிறது, நாளைக்கும் வேலு அக்கா என்பான். அம்மாவின் மூக்குக் கதை ஒரு முறை மனசில் வந்து போனது.

ஜோவான் விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். கைகுலுக்கிக்கொண்டிருந்த இரண்டு அணியும் திரும்பிப் பார்த்தன.

“எல்லாரும் கேளுங்க,” என்றாள். “கடைசி ஓட்டத்துல நான் பந்தப் பாக்கல. கொடி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. கம்பதான் பாத்தேன். மிஸ்டர் அருணனுக்கு அரையடி கொறையணும்னு வேணும்னேதான் கால அங்க வெச்சேன். அன்னைக்கு பைனல்ல இவரு எனக்கு வெச்ச அதே கால்தான் இது. நான் எங்க கத்துக்கிட்டேன்னு அவரையே கேளுங்க.”

நோர்மா நடந்து வந்தாள். “பெத்துல்கா, ஜோவான்?” உண்மைதானா என்று கேட்டாள்.

“உண்மைதான், காக்.”

கொடியை உருவியவனைக் கூப்பிட்டு விசாரித்தாள் நோர்மா. கம்புக்கு இரண்டு கெஜம் இந்தப் பக்கமே உருவிவிட்டேன், இதோ புல்லில் என் கால் வழுக்கின தடம் என்று அவன் காட்டினான். ஆக, முடிவு மாறவில்லை. மாறியது வேறு. தோற்றவள் பேச்சு என்று இத்தனை வருஷம் தள்ளிவிட்டவர்கள், இன்றைக்குத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு ஒருத்தி பேசும்போது எப்படித் தள்ளுவார்கள்?

முதலில் வாயைத் திறந்தவன் வேலு. “அப்போ அன்னைக்கு அக்கா தாண்டிட்டாங்களா, பாஸ்?”

“அதெல்லாம் பழைய கதை, யாருக்கு ஞாபகம் இருக்கு…” என்று அருணன் ஆரம்பித்தான்.

“அரையடின்னு கைய விரிச்சிக் காட்டினது நீங்கதானே. அதுக்கப்புறம் நாங்க இத்தன வருஷமாச் சொல்லிட்டு இருக்கோம்,” என்றான் வேலு.

அருணன் சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆளில்லை. அவன் அணியிலிருந்த இளசுகள்கூட அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதில் தேடுகிறவன்போல அவன் கண் அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் வேலுவின் கையிலிருந்த ஆரஞ்சுக் கம்பில் போய் நின்றது. நின்றதை அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு கார் நிறுத்துமிடத்தில் இருந்த தன் காடியைப் பார்த்து நடந்தான். போகிற வழியில் யார் தோளையும் தட்டவில்லை.

நோர்மா ஜோவானின் முன்னால் கையை நீட்டினாள். திட்டவில்லை. ஜோவான் விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள், விரலிலிருந்த ரப்பர் வளையத்தையும் உருவி வைத்தாள். நோர்மா இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள். அதுதான் ஜோவானுக்கு வலித்தது. பாலத்தைத் தாண்டி வருகிற வழியெல்லாம் கழுத்தில் இல்லாத விசிலைக் கை தேடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அமலம்மாள் சாயங்கால ஜெபமாலையில் பாதியில் இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருக்க, கண் மட்டும் மகளின் கழுத்துக்குப் போனது. உதடு நின்றது.

“என்னாடி, விசில காணோம்?”

“போச்சும்மா.”

“மூக்க அறுத்துக்கிட்டியா?”

“அறுத்துக்கிட்டேன்.”

“அவனுக்கு?”

“சகுனத் தடை ஆயிருச்சு. கம்பெனிக்கே தெரிஞ்சு போச்சு.”

அமலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “ஆண்டவரே, இவள மன்னிச்சிரும்,” என்று சுவரிலிருந்த படத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஜெபமாலையைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை மகளுக்காக இழுத்துப் போட்டாள்.

“உக்காரு. மொதல்லருந்து சொல்லு. அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?”